அஞ்சாலைத் தொட்டிக்கு வலை மூடி

மதுரையில் சித்திரை வெயில் ஏறியதும், கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கும் பலர் மூடியைத் திறந்துவிட்டு மின்விசிறியை ஓட விடுகிறார்கள். பாம்பு போல நீண்ட கடல் மீனான அஞ்சாலையை (மோரே ஈல்) வளர்ப்பவர்கள் இதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். 'ஸ்னோஃப்ளேக்' என்று கடைகளில் விற்கும் சிறிய வகைகூட, உடல் நுழையும் அளவு சந்து கிடைத்தால் இரவில் நழுவி வெளியே விழுந்து காய்ந்து இறந்துவிடும்.

பிவிசி குழாயில் சட்டம் செய்து, கெட்டியான நைலான் வலையை இழுத்துக் கட்டுங்கள். இரும்புக் கம்பி வலை வேண்டாம், உப்புக் காற்றில் துருப்பிடிக்கும். நான்கு பக்கமும் கிளிப் போட்டு, வயரும் குழாயும் நுழையும் இடங்களை ஸ்பாஞ்சால் அடைத்துவிடுங்கள். இனி விசிறியை வலைக்கு மேல் தாராளமாக ஓட்டலாம். தண்ணீர் 25 முதல் 27 டிகிரிக்குள் இருந்தால் நல்லது.

விசிறிக் காற்றில் நீர் மட்டுமே ஆவியாகும், உப்பு தொட்டியிலேயே தங்கும். ஆகவே குறைந்த அளவை தினமும் ஆர்.ஓ. நீரால் மட்டும் நிரப்புங்கள். உப்புக் கலந்த நீரோ போர்வெல் நீரோ கூடாது. நீரின் உப்பளவை அறிய உதவும் ஹைட்ரோமீட்டர் 1.023 முதல் 1.025 வரை காட்ட வேண்டும்.

உணவு வாரத்துக்கு 2, 3 முறை போதும்: பச்சை இறால், கணவாய்த் துண்டு. கண்பார்வை மங்கலான மீன், மோப்பத்தால்தான் இரை தேடும். நீளமான இடுக்கியில் கொடுங்கள், விரலால் வேண்டாம்.