ஜிசிசி நிறுவல் கையேட்டைத் திருத்துவது எப்படி: கோப்பைத் திறப்பது முதல் பேட்ச் அனுப்புவது வரை

நிரலை இயங்கும் மென்பொருளாக மாற்றும் ஜிசிசி கம்பைலரைச் சோர்ஸிலிருந்து (மூல நிரலிலிருந்து) பில்ட் செய்பவர்கள் முதலில் புரட்டுவது அதன் நிறுவல் கையேட்டைத்தான். அதில் ஒரு பதிப்பு எண் பழையதாக இருந்தால் போதும். நெடுநேரம் ஓடிய பில்ட் நடுவில் நின்றுவிடும், தவறு தன் மேல்தான் என்று நினைத்து புதியவர் அதையே மறுபடி மறுபடி ஓட்டிக்கொண்டிருப்பார். கம்பைலரின் உள்வேலை தெரியாதவரும் இதைச் சரிசெய்யலாம். கவனமும் ஒரு மாலைப் பொழுதும் இருந்தால் போதும்.

ஜிட் (மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி), டெக்ஸின்ஃபோ (கையேடு எழுதப்பட்டிருக்கும் வடிவத்துக்கான கருவி) இரண்டையும் நிறுவிக்கொள்ளுங்கள். உபுண்டு, டெபியனில் இதே பெயர்களில்தான் தொகுப்புகள் இருக்கின்றன. கீழே வரும் கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் டெர்மினலில் ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்யுங்கள்.

படி 1: சரியான கோப்பு

ஜிசிசி தளத்தில் இருக்கும் ஜிட் களஞ்சியத்தை ‘ஜிட் குளோன் --டெப்த் 1’ என்று இறக்குங்கள். முழு வரலாறும் சேர்ந்தால் ஜிகாபைட் கணக்கில் போகும்; இந்த வேலைக்கு அது தேவையில்லை.

திருத்த வேண்டிய கோப்பு ஒன்றே ஒன்று: ஜிசிசி/டாக் கோப்புறையில் உள்ள இன்ஸ்டால்.டெக்ஸி. வெளியீட்டுத் தொகுப்பைப் பிரித்தால் ‘இன்ஸ்டால்’ என்ற கோப்புறையில் எச்டிஎம்எல் பக்கங்கள் தெரியும். அவை இந்தக் கோப்பிலிருந்து பிறப்பவை. அங்கே திருத்தினால் அடுத்த வெளியீட்டில் காணாமல் போகும்.

படி 2: எழுதுமுன் சோர்ஸைப் பாருங்கள்

பெரும்பாலான புதியவர்கள் சறுக்குவது இங்கேதான். ஜிசிசியைக் கட்ட ஜிஎம்பி, எம்பிஎஃப்ஆர், எம்பிசி என்ற கணித நூலகங்கள் வேண்டும். இதில் ஜிஎம்பிக்குக் குறைந்தபட்சப் பதிப்பு என்ன? கையேடு 4.3.2 என்கிறது. பில்ட்டுக்கு முன் கணினியைச் சோதிக்கும் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் தோற்கும்போது காட்டும் பிழைச்செய்தி ஜிஎம்பி 4.2, எம்பிஎஃப்ஆர் 3.1.0, எம்பிசி 0.8.0 என்கிறது. ஜிசிசி 12 முதல் 14 வரை ‘டவுன்லோட்_ப்ரீரெக்விசிட்ஸ்’ ஸ்கிரிப்ட் இறக்கித் தருவதோ ஜிஎம்பி 6.2.1, எம்பிஎஃப்ஆர் 4.1.0, எம்பிசி 1.2.1.

மூன்றும் தவறில்லை. கான்ஃபிகர் சொல்வது, அதற்குக் கீழே போனால் பில்ட்டைத் தொடங்கவே விடமாட்டேன் என்ற எல்லை. கையேடு சொல்வது நம்பிக் கட்டக்கூடிய எல்லை. ஜிஎம்பி அதற்குக் கீழே இருந்தால், பிழைகள் உண்டு ஆனாலும் ஏற்கலாம் என்று கான்ஃபிகர் ஒரு வரி காட்டிவிட்டுத் தொடரும். மூன்றாவது, வெறுமனே வசதிக்காக இறக்கும் பதிப்பு. இது புரியாமல் கையேட்டில் 6.2.1 என்று மாற்றி பேட்ச் (திருத்தத்தை மட்டும் கொண்ட கோப்பு) அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எண்ணைத் தொடுமுன் மேல்மட்டக் கோப்புறையின் கான்ஃபிகர்.ஏசி கோப்பில் அந்தச் சோதனையைத் தேடிப் படியுங்கள்.

கம்பைலர் தேவையும் அப்படித்தான். ஜிசிசி 11 முதல் அதைக் கட்ட சி++11 தெரிந்த கம்பைலர் வேண்டும். 15 முதல் சி++14. எந்தப் பதிப்பிலிருந்து என்று குறிப்பிடாமல் எழுதினால் பழைய ஜிசிசியைக் கட்டுபவர் குழம்புவார்.

படி 3: டெக்ஸின்ஃபோ குறிகள்

கட்டளைப் பெயருக்கு @கமாண்ட், விருப்பத்துக்கு @ஆப்ஷன், கோப்புப் பெயருக்கு @ஃபைல், சூழல் மாறிக்கு @என்வ். ஒவ்வொன்றுக்கும் பின்னால் நெளி அடைப்புக்குறிக்குள் சொல்லைப் போட வேண்டும். உரையிலேயே @ அல்லது நெளி அடைப்பு வர வேண்டுமானால் அதன் முன் இன்னொரு @ சேருங்கள்.

@ஆப்ஷன் வெறும் அழகுக்காக இல்லை. ‘--டிசேபிள்-மல்டிலிப்’ என்பதை அடைப்பில்லாமல் எழுதினால், டெக்ஸின்ஃபோ அந்த இரட்டை ஹைஃபனை ஒற்றை நீளக்கோடாக மாற்றிவிடும். திரையில் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. வாசகர் அதை நகலெடுத்து டெர்மினலில் ஒட்டுவார், கான்ஃபிகர் அதை விருப்பமாகவே எடுத்துக்கொள்ளாது. 32-பிட் நூலகங்கள் இல்லாத 64-பிட் கணினியில் பில்ட் நிற்காமல் இருக்கப் பலர் நம்பியிருக்கும் விருப்பம் இது.

வரி 80 எழுத்துக்குள் இருக்கட்டும், வாக்கிய முடிவில் இரண்டு இடைவெளி விடுங்கள். இயங்குதளத்தை ‘க்னூ/லினக்ஸ்’ என்றும், கெர்னலை மட்டும் ‘லினக்ஸ்’ என்றும் எழுதுவது திட்டத்தின் வழக்கம்.

படி 4: ஒரே கோப்பு, பல பக்கங்கள்

முன்தேவை, கான்ஃபிகர், பில்ட், சோதனை என்று தளத்தில் தனித்தனியே தெரியும் பக்கங்கள் எல்லாமே இந்த ஒரே கோப்பிலிருந்து @இஃப்செட் நிபந்தனைகளால் பிரித்து எடுக்கப்படுபவை. ஒரு பக்கம் உருவாகும்போது மற்றப் பக்கங்களின் உரை அதன் கண்ணில் படாது. அதனால் வேறு பக்கத்துக்கு @எக்ஸ்ரெஃப் (குறுக்குக் குறிப்பு) போட்டால் எச்டிஎம்எல்லில் இணைப்பு உடையும். எச்டிஎம்எல்லுக்கு @யூரெஃப், மற்ற வடிவங்களுக்கு @ரெஃப் என்று நிபந்தனை போட்டு இரண்டையும் எழுதுங்கள். கோப்பிலேயே இதற்கு நிறைய முன்மாதிரிகள் உண்டு.

புதிய கணினி வகைக்குக் குறிப்பு சேர்த்தால் இரண்டு இடம் மாற வேண்டும்: அந்தப் பகுதியின் @ஆங்கர் (இணைப்பு வந்து சேரும் பெயர்), மேலே உள்ள பட்டியல். ஆங்கர் பெயரில் நட்சத்திரக் குறிக்குப் பதில் எக்ஸ், அடிக்கோட்டுக்குப் பதில் ஹைஃபன். பட்டியலை மறந்தால் பகுதி இருக்கும், ஆனால் போய்ச்சேர வழி இருக்காது.

படி 5: உருவாக்கிப் பாருங்கள்

டெக்ஸின்ஃபோவை எச்டிஎம்எல்லாக மாற்றும் மேக்இன்ஃபோவை நேரடியாக ஓட்டினால் ஜிசிசி-வெர்ஸ்.டெக்ஸி கிடைக்கவில்லை என்ற பிழை வரும். அது களஞ்சியத்தில் இருப்பதில்லை; பதிப்பு எண்ணை வைத்து உருவாக்கும் நேரத்தில் எழுதப்படுவது. ஆகவே ஜிசிசி/டாக் கோப்புறைக்குள் நின்று ‘இன்ஸ்டால்.டெக்ஸி2எச்டிஎம்எல்’ ஸ்கிரிப்டை ஓட்டுங்கள். டெஸ்ட்டிர் என்ற சூழல் மாறியில் (முழுவதும் பெரிய எழுத்தில்) களஞ்சியத்துக்கு வெளியே ஒரு கோப்புறையைக் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அங்கேயே எச்டிஎம்எல் கோப்புறை முளைத்து, கமிட்டிலும் (ஜிட்டில் பதியும் மாற்றத்திலும்) நுழைந்துவிடும்.

பிரவுசரில் திறந்து, நீங்கள் தொட்ட பத்தியை மட்டும் பார்க்காமல் அதன் இணைப்புகளையும் சொடுக்குங்கள். கட்டளைகளை நகலெடுத்து ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்.

படி 6: கமிட், பேட்ச்

மாற்றங்களின் பட்டியலான சேஞ்ச்லாக் கோப்பைத் தொடாதீர்கள். கமிட் செய்தியிலிருந்து அது தானாக எழுதப்படுகிறது. செய்தியில் ‘ஜிசிசி/சேஞ்ச்லாக்:’ என்ற வரி, ஒரு வெற்று வரி, பிறகு ஒரு டேப், நட்சத்திரம், கோப்புப் பெயர், அடைப்பில் பகுதியின் பெயர், என்ன மாற்றம் என்று ஒரு வரி. எடிட்டர் டேப்பை எட்டு இடைவெளியாக மாற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; வடிவம் பிசகினால் சர்வர் கமிட்டை ஏற்காது. கான்ட்ரிப்/ஜிசிசி-சேஞ்ச்லாக் கோப்புறையில் உள்ள ஜிட்_செக்_கமிட்.பிஒய் அதை முன்கூட்டியே சொல்லிவிடும்.

2021 ஜூனிலிருந்து பதிப்புரிமையை எஃப்எஸ்எஃப் (கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை) பெயருக்கு எழுதிக்கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ‘ஜிட் கமிட் -எஸ்’ சேர்க்கும் சைன்ட்-ஆஃப்-பை வரி போதும்.

‘ஜிட் ஃபார்மட்-பேட்ச் -1’ தரும் கோப்பை ‘ஜிட் சென்ட்-ஈமெயில்’ வழியாக ஜிசிசி-பேட்சஸ் என்ற மடற்குழு முகவரிக்கு அனுப்புங்கள். வெப்மெயிலில் ஒட்டினால் நீள வரிகள் மடிந்து, டேப் குலைந்து, பேட்ச் பொருந்தாது. இரண்டு வாரம் ஆகியும் பதில் இல்லையென்றால் அதே மடலுக்குக் கீழே நினைவூட்டுங்கள், அது நடைமுறைதான்.

தளத்தில் தெரியும் கையேடு வளர்ச்சிக் கிளையின் நகல். ஜிசிசி 14 இறக்கியவர் படிப்பது அந்தத் தொகுப்போடு வந்ததை. அங்கேயும் அதே பிழை இருந்தால், வெளியீட்டுக் கிளைக்கும் இதைக் கொண்டுபோகலாமா என்று மடலிலேயே கேட்டுவிடுங்கள்.