அம்மாவை ‘ஹி’ என்று சொல்லும் பிள்ளைகள்: மழலையருக்கு ஆங்கிலப் பெயர்ச்சொல் சொல்லித்தரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாலு வயதுப் பிள்ளையிடம் அம்மாவின் போட்டோவைக் காட்டினால் ‘ஹி இஸ் மை மதர்’ என்கிறது. ஆண் பெண் வித்தியாசம் தெரியாமல் இல்லை. வீட்டில் அம்மா, தாத்தா, பாட்டி, மிஸ் எல்லோருமே ‘அவங்க’. அந்தச் சொல்லுக்குள் மரியாதை இருக்கிறது. ஆணா பெண்ணா என்பது இல்லை. நாமோ ‘ஹி என்றால் அவன், ஷி என்றால் அவள்’ என்று சொல்லிக்கொடுத்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். அம்மாவை ‘அவள்’ என்றால் திட்டு விழும் என்று தெரிந்த பிள்ளை, அந்த ‘ஷி’யை அம்மாவுக்கு எப்படிப் போடும்?

ஆகவே இந்தச் சொற்களுக்குத் தமிழ் அர்த்தம் சொல்வதையே விட்டுவிடுங்கள். குடும்ப போட்டோ எட்டோ பத்தோ எடுத்து இரண்டு வரிசையாக வையுங்கள். ஒன்றில் தாத்தா, அப்பா, தம்பி. இன்னொன்றில் பாட்டி, அம்மா, தங்கை. தாத்தாவும் தம்பியும் ஒரே வரிசையில் இருப்பதுதான் முக்கியம். முதல் நாள் ஒரு வரிசையைத் தொட்டுத் தொட்டு ‘ஹி’ மட்டும். மறுநாள் மற்றதைத் தொட்டு ‘ஷி’ மட்டும். மூன்றாம் நாள்தான் கலைத்துப் போட வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் கொண்டுவந்தால் குழப்பம்தான் மிஞ்சும். முதல் எழுத்தைத் தவிர இரண்டும் ஒரே ஓசை.

தமிழ் அர்த்தத்தை விட்டுவிட நீலகிரி மலையில் இன்னொரு காரணமும் உண்டு. கோத்தகிரி, குன்னூர் பக்கத்து ஹட்டிகளிலிருந்து, அதாவது படுகர் ஊர்களிலிருந்து வரும் பல பிள்ளைகளுக்கு வீட்டு மொழி படுகு. கூடலூர் பக்கம் மலையாளம் பேசும் வீடுகள் நிறைய. அவர்களுக்கு அங்கன்வாடிக்கு வந்த பிறகுதான் தமிழே பழகுகிறது. அங்கே ‘கப் என்றால் கோப்பை’ என்பது, தெரியாத ஒன்றைத் தெரியாத இன்னொன்றால் விளக்குவது. கப்பைக் கையில் கொடுத்துவிட்டால் எந்த மொழிப் பிள்ளைக்கும் வேலை முடிந்தது.

2019இல் தமிழகத்தில் அரசு நடுநிலைப் பள்ளி வளாக அங்கன்வாடிகள் 2,381இல் எல்கேஜி, யுகேஜி தொடங்கின. ஆனாலும் ‘ஏ ஃபார் ஆப்பிள்’ முறை பல இடங்களில் இன்னும் மாறவில்லை. அதைப் பாட்டாகவே பாடிப் பாடி, ‘ஏஃபாராப்பிள்’ என்பதே பழத்தின் பெயர் என்று நினைத்துக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு. எழுத்து வேறு வேளையில், பொருள் வேறு வேளையில். தொடங்குவதற்குக் கையில் கிடைப்பதே போதும்: ஸ்வெட்டர், கப், பேக், கேரட், பீட்ரூட். ஊட்டிப் பிள்ளை வாயில் பாதிச் சொல் ஏற்கெனவே இருக்கிறது. கொடைக்கானல் என்றால் பிளம்ஸ், பேரி. ஒரு நாளைக்கு நாலு சொல், பத்து நிமிஷம். அதற்கு மேல் கொடுத்தால் மறுநாள் ஒன்றும் நிற்காது.

தெரிந்த சொல்லிலும் ஒரு சிக்கல் உண்டு. கப் ‘கப்பு’ ஆகிறது, கேட் ‘கேட்டு’ ஆகிறது, பஸ் ‘பஸ்ஸு’ ஆகிறது. தமிழ்ச் சொல் வல்லெழுத்தில் முடியாது. அதனால் நாக்கு தானாக ஒரு உகரத்தை ஒட்டிக்கொள்ளும். பெரும்பாலும் பிள்ளை அதைப் பிடித்துக்கொள்வது நம்மிடமிருந்துதான். கப் என்று சொல்லி உதட்டை மூடுங்கள். மூடியபடியே மூன்று எண்ணுங்கள். பிறகு உதட்டைத் திறக்கலாம், சத்தம் வரக்கூடாது. பிள்ளைக்கு இது விளையாட்டு மாதிரி, இரண்டே நாளில் பிடித்துக்கொள்ளும்.

பொருளைத் தனியாகச் சொல்லாமல் ‘அ கப்’, ‘அன் எக்’, ‘அன் அம்ப்ரெல்லா’ என்று சேர்த்தே சொல்லுங்கள். ‘ஏ கப்’ என்று எழுத்தின் பெயரை அழுத்த வேண்டாம்; பேச்சில் அது லேசான ‘அ’ தான். ‘டூ கேரட்’ என்றால் கோபப்படவும் வேண்டாம். ‘ரெண்டு கேரட் குடு’ என்பது சுத்தமான தமிழ், அதைத்தான் பிள்ளை பெயர்க்கிறது. ஒரு கேரட்டை ஒரு தட்டிலும் மூன்றை இன்னொரு தட்டிலும் வைத்து ‘அ கேரட்’, ‘கேரட்ஸ்’ என்று மாற்றி மாற்றித் தொடச் சொன்னால் போதும். மில்க், ரைஸ் இரண்டையும் இந்த விளையாட்டில் சேர்க்காதீர்கள்; அவற்றை ஒன்று, இரண்டு என்று எண்ணுவதில்லை.

மிகப் பெரிய தவறு ‘ஐ’, ‘யூ’வில் நடக்கிறது. மிஸ் தன் நெஞ்சைத் தொட்டு ‘ஐ ஆம் அ டீச்சர்’ என்கிறார். இருபது பிள்ளைகளும் நெஞ்சைத் தொட்டு ‘ஐ ஆம் அ டீச்சர்’ என்கின்றன. யாருக்கும் தப்பாகத் தெரிவதில்லை. ‘ஐ’ ஆளுக்கு ஆள் கைமாறும் சொல். திருப்பிச் சொல்ல வைத்து அதைப் புரியவைக்க முடியாது. மூன்றாவதாக ஒருவர் வேண்டும். அக்காவோ, கையில் மாட்டிய சாக்ஸ் பொம்மையோ போதும். மிஸ் பொம்மையைப் பார்த்து ‘யூ’ என்கிறார், பொம்மை தன்னைத் தொட்டு ‘ஐ’ என்கிறது. பிள்ளை இரண்டு நாள் வேடிக்கை பார்க்கட்டும். பிறகு பொம்மையின் இடத்தில் பிள்ளையை உட்கார வையுங்கள். ‘மைசெல்ஃப் குமார்’ பழக்கத்தையும் இந்த வயதிலேயே நிறுத்திவிடலாம். ‘ஐ ஆம் குமார்’ போதும்.

‘அது’ என்றால் ‘இட்’ என்பதும் முழுக்கச் சரியில்லை. வீட்டில் கைக்குழந்தையும் ‘அது தூங்குது’ தான். ஆங்கிலத்தில் தம்பிப் பாப்பா ‘ஹி’. மாறாக, நீலகிரியின் தோடர் பழங்குடியினர் வாழும் ஊரான மந்தில் ஒவ்வோர் எருமைக்கும் பெயர் உண்டு. அங்கிருந்து வரும் பிள்ளை எருமையை ‘ஷி’ என்றால் திருத்தாதீர்கள், பெயர் வைத்து வளர்க்கும் பிராணியை ஆங்கிலத்திலும் அப்படிச் சொல்வார்கள். ‘வி’யில் நாம், நாங்க இரண்டும் அடங்கும், விளக்கவே வேண்டாம். ‘திஸ்’, ‘தட்’ சொல்லித்தர வெயில் நாளாகப் பாருங்கள். மூடுபனி இறங்கிய காலையில் ஜன்னலைக் காட்டி ‘தட் இஸ் அ ட்ரீ’ என்றால், அங்கே மரமே தெரியாது.

தப்பாகச் சொன்னால் ‘ஹி இல்லை, ஷி’ என்று வெட்டாதீர்கள். அடுத்த தடவை வாயே திறக்காது. சரியான வாக்கியத்தைப் பதிலாகவே சொல்லிவிடலாம்: ‘யெஸ், ஷி இஸ் யுவர் மதர்.’ இதிலும் ஒரு வழுக்கல் உண்டு. பிள்ளை அதையே பிடித்துக்கொண்டு தன் அம்மாவைக் காட்டி ‘யுவர் மதர்’ என்று ஒப்பிக்கும். அந்த இடத்தில் மட்டும் கூடப் பிறந்த அக்காவையோ அண்ணனையோ பதில் சொல்ல விடுங்கள். ‘ஷி இஸ் மை மதர்’ என்று அக்கா சொன்னால், தம்பி ஒரு எழுத்தும் மாற்றாமல் அப்படியே திருப்பிச் சொல்லலாம்.