உக்கடம் ஞாயிறு சந்தையில் பழைய சாமான் வாங்குவது எப்படி?

கோயம்புத்தூர் உக்கடத்தில் ஞாயிற்றுக்கிழமை கூடும் பழைய பொருள் சந்தைக்கு முதல் தடவை போகிறவர்களுக்கு எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியாது. மில்லும் பவுண்டரியும் பம்புசெட்டுமாக வளர்ந்த ஊர் இல்லையா, ஸ்பேனரும் மோட்டாரும்தான் முதலில் கண்ணில் படும். அதற்கு நடுவில் ரேடியோ, பூட்டு, பித்தளைச் சொம்பு, பழைய காசு எல்லாம் கிடக்கும். "பாட்டன் காலத்து சாமானுங்க" என்று சொல்வதை மட்டும் நம்பிக் காசை எடுக்காதீர்கள். கையில் வாங்கிப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

1. கிளம்பும் முன்

ஒரு சின்ன காந்தம், டார்ச், லென்ஸ், துணிப்பை, சில்லறை நோட்டுகள். பழைய காசு வாங்கும் எண்ணம் இருந்தால் கையடக்கத் தராசும் வேண்டும். அப்புறம் இரண்டு விலையைத் தெரிந்துகொண்டு போங்கள். பழைய பித்தளை கிலோ என்ன விலைக்குப் போகிறது என்பது ஒன்று. திருப்பூர் அனுப்பர்பாளையத்தில் செய்யும் அதே மாதிரிப் புதுப் பாத்திரம் என்ன விலை என்பது இன்னொன்று. சாதாரணப் பாத்திரம் என்றால் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் உங்கள் பேரம் நிற்க வேண்டும்.

2. காலையிலேயே போய்விடுங்கள்

உக்கடம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி யாரைக் கேட்டாலும் வழி காட்டுவார்கள். வெயில் ஏறும் முன் போனால் நிதானமாகப் பார்க்கலாம். போணி ஆகாத கடைக்காரர் கொஞ்சம் இறங்கியும் வருவார். முதல் சுற்றில் எதையும் வாங்காமல் நடந்து பாருங்கள்.

3. பாத்திரம் பார்ப்பது

புதிதாக வருகிறவர்கள் பாத்திரத்திலிருந்து தொடங்குவதுதான் நல்லது என்பேன். வீட்டில் புழங்கவும் செய்யலாம்.

ஒரு தூக்குப்போசியை (தூக்குவாளியை) எடுத்தீர்கள் என்றால் முதலில் காந்தத்தை வையுங்கள். உடம்பில் ஒட்டினால் அது இரும்புக்கு மேல் முலாம். (கைப்பிடி மட்டும் இரும்பாக இருக்கலாம், அது தப்பில்லை.) அடுத்து கவிழ்த்துப் பாருங்கள். பல வருஷம் புழங்கியதென்றால் அடிப்பக்கம் கோணல்மாணலாகக் கீறி, விளிம்பு வழவழப்பாகத் தேய்ந்திருக்கும். மேலே கறுப்பும் பச்சையும் அப்பி, தேய்மானமே இல்லாமல் இருந்தால் சந்தேகப்படுங்கள். கையால் செய்த பழைய குடங்கள் சிலவற்றில் இரண்டு தகடு சேரும் இடத்தில் பல் பல்லாகக் கோத்த ஒரு கோடு தெரியும். டார்ச்சை உள்ளே அடித்தால் சுத்தியல் தழும்பும் தெரியும். அந்த வேலைக்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம், தாராளமாக. கழுத்தோரம் புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டியிருந்தால் அதை ஒரு குறையாக நினைக்காதீர்கள். ஒரு பெண்ணுக்குச் சீராக வந்த பாத்திரமாக இருக்கலாம்.

பித்தளை செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது. வெண்கலம் செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தது. வெண்கலத்தை விரல் முட்டியால் தட்டினால் மணி மாதிரி நீளமாக ஒலிக்கும். கீழே விழுந்தால் உடையும். தட்டும்போது ஓசை சட்டென்று செத்துப்போனால் எங்கோ விரிசல், வைத்துவிடுங்கள்.

4. காசு

பிரிட்டிஷ் கால வெள்ளி ஒரு ரூபாய் 11.66 கிராம் இருக்கும். பழைய எடைக் கணக்கில் ஒரு தோலா அது. 1939 வரை வந்ததில் வெள்ளி 91.7 சதவீதம். 1940 முதல் 1945 வரை பாதிதான். 1947 ரூபாய் நிக்கல், காந்தத்தில் ஒட்டும். இதைத் தெரியாமல் வெள்ளி விலை கொடுக்கிறவர்கள் உண்டு.

1818 என்று வருஷம் போட்டு, ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகமும் மறுபக்கம் கிழக்கிந்தியக் கம்பெனி பேருமாக ஒரு காசு வரும். கம்பெனி அப்படி ஒன்றை வெளியிட்டதே இல்லை. லட்சம் போகும் என்று யார் சொன்னாலும் நகர்ந்துவிடுங்கள்.

5. விலை கேட்பது

"ஏனுங்ணா, இது என்ன விலைங்க?" என்று தொடங்குங்கள். பாதி விலைக்குக் கேட்டுவிட்டு, பொருளையும் மட்டம் தட்டுவது எனக்குப் பிடிக்காது. வெயிலில் உட்கார்ந்து விற்கிறவர் அவர். உங்கள் விலையைச் சொல்லுங்கள், "கட்டுபடியாகாதுங்க" என்றால் சரிங்க என்று நகருங்கள். பின்னாலேயே கூப்பிடுவதும் உண்டு.

6. வாங்கக் கூடாதவை

பழைய சாமி சிலைகள், கோயில் சாமான், யானைத் தந்தம், மான் கொம்பு. 100 வருஷத்துக்கு மேற்பட்ட சிலைகளை 1972 தொல்பொருள் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும், அவற்றை விற்க உரிமமும் வேண்டும். கோயிலிலிருந்து போன பொருள் கோயிலுக்குத்தான் திரும்ப வேண்டும். பில் இல்லாத செல்போனும் வேண்டாம்.

7. வீட்டுக்கு வந்ததும்

பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்க்கலாம். காசைத் தேய்க்கவே கூடாது, சேகரிப்பவர்களிடம் அதன் மதிப்பு போய்விடும். பித்தளையில் சமைப்பதென்றால் முதலில் உள்பக்கம் ஈயம் பூச வேண்டும், இல்லாவிட்டால் புளிப்பு பட்டுக் களிம்பு ஏறும். பூசுகிறவரிடம் வெள்ளீயம்தானா என்று கேட்டு, கண் முன்னாலேயே பூசச் சொல்லுங்கள். காரீயம் கலந்தால் உடம்புக்கு விஷம்.