போரால் இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு நிவாரணம்: முதல் விநியோகத்தை நடத்துவது எப்படி?

நிவாரண விநியோகத்தில் நான் முதன்முதலாக நின்ற நாளில் ஏறக்குறைய எல்லாமே சரியாக நடந்தது. லாரி நேரத்துக்கு வந்தது, மூட்டைக் கணக்கு பிசகவில்லை, தள்ளுமுள்ளு இல்லை. இடுப்பில் ஒரு குழந்தையும் கையில் ஒரு குழந்தையுமாக வந்த ஒரு பெண்ணின் காலடியில் 50 கிலோ தானிய மூட்டையை இறக்கிவைத்தோம், கைநாட்டு வாங்கினோம், "அடுத்து" என்று கூப்பிட்டோம். அவர் மூட்டையைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார். அதை எப்படித் தூக்கிப் போவார் என்று எங்களில் ஒருவரும் யோசித்திருக்கவில்லை. கடைசியில் இரண்டு பையன்கள் சுமந்து போனார்கள். கூலியாகக் கால்வாசி தானியத்தை எடுத்துக்கொண்டார்கள் என்பது மறுநாள்தான் தெரிந்தது.

அதனால் இந்தப் பதிவில் லாரி கடைசியில்தான் வரும். அதற்கு முன்பே முடிக்கவேண்டிய வேலைதான் அதிகம். கணக்குக்கு வசதியாக ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம்: ஒரு பொதுக் கட்டடத்திலும் அதைச் சுற்றிய கூடாரங்களிலும் 200 குடும்பங்கள், சராசரியாகக் குடும்பத்துக்கு 5 பேர், ஆக 1,000 பேர்.

படி 1: போகும் முன் கேளுங்கள்

2024 முடிவில் உலகம் முழுக்க 12.32 கோடிப் பேர் போராலும் ஒடுக்குமுறையாலும் வீட்டைவிட்டு விரட்டப்பட்டிருந்தார்கள் என்பது ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் கணக்கு. அவர்களில் 7 கோடிக்கும் மேற்பட்டவர்கள் எல்லையைத் தாண்டவே இல்லை, சொந்த நாட்டுக்குள்ளேயே இடம்பெயர்ந்தவர்கள். எல்லை தாண்டியவருக்கு 1951 அகதிகள் உடன்படிக்கை இருக்கிறது. உள்நாட்டில் இடம்பெயர்ந்தவருக்கு 1998இல் ஐ.நா. வகுத்த வழிகாட்டு நெறிகள் இருக்கின்றன. அவர்களைக் காப்பதும் உதவுவதும் முதலில் அந்த நாட்டு அரசின் பொறுப்பு என்று அந்த நெறிகள் சொல்கின்றன. ஆகவே உள்ளூர் நிர்வாகம் என்ன தருகிறது, வேறு எந்த அமைப்பு எதைத் தருகிறது என்று விசாரித்த பிறகே உங்கள் பட்டியலைத் தொடங்குங்கள். ஒரே முகாமுக்கு மூன்று குழுக்கள் போர்வை கொண்டுவந்து, ஒரு குழுகூட வாளி கொண்டுவராமல் போவது சர்வசாதாரணம்.

இன்னொன்று, போர்ப் பகுதியில் உங்கள் சட்டைகூடப் பேசும். கட்சிக் கொடி, மதச் சின்னம், ராணுவ நிறத்தில் உடுப்பு எதுவும் வேண்டாம். ஆயுதம் வைத்திருப்பவரை எந்தக் காரணத்துக்காகவும் வண்டியில் ஏற்றாதீர்கள். யார் எந்தத் தரப்பு என்று பார்க்காமல் தேவையைப் பார்த்து மட்டும் கொடுப்பதுதான் செஞ்சிலுவை இயக்கம் 1965இல் ஏற்றுக்கொண்ட அடிப்படைக் கொள்கைகளில் ஒன்றான பாரபட்சமின்மை. கேட்பதற்கு உபதேசம் போல இருக்கும். ஆனால் அடுத்த முறை சோதனைச் சாவடியில் உங்கள் லாரியை விடுவார்களா என்பதை அதுதான் தீர்மானிக்கும்.

போகும் பாதையிலும் விநியோகத் திடலிலும் கண்ணிவெடி, வெடிக்காத குண்டு இல்லையென்று பொறுப்பானவர்கள் சொல்லும்வரை கால் வைக்காதீர்கள்.

படி 2: பட்டியல்

புதியவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். ஒரு நோட்டு, குடும்பத்துக்கு ஒரு வரி. குடும்பத்தின் பெயரில் பொருள் வாங்குபவர் யார், மொத்தம் எத்தனை பேர், 5 வயதுக்குக் கீழே எத்தனை, கர்ப்பிணியோ பாலூட்டும் தாயோ உண்டா, தனியாக நடமாட முடியாதவர் உண்டா. இவ்வளவு போதும்.

எதை எழுதக்கூடாது என்பது அதைவிட முக்கியம். இனம், மதம், எந்த இயக்கத்துக்கு வேண்டியவர், வீட்டு ஆண் எங்கே போனார் — இவற்றை எழுதாதீர்கள். நாளைக்கு அந்த நோட்டு யார் கையில் சிக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. போர்க்காலத்தில் பெயர்ப் பட்டியல் என்பது ஓர் ஆயுதம். ஒரே பிரதி வையுங்கள், பூட்டி வையுங்கள், கைபேசியில் படம் எடுத்துக் குழுவில் பகிராதீர்கள். வரிசையில் நிற்பவர்களின் முகத்தைப் படமெடுத்து நன்கொடையாளருக்கு அனுப்பும் பழக்கத்துக்கும் இதே பதில்தான்.

தலை எண்ணுவதற்கு நல்ல நேரம் விடியற்காலை. பகலில் பாதிப் பேர் விறகுக்கும் வேலைக்கும் போயிருப்பார்கள். வேறெங்கோ தங்கியிருப்பவர்கள் வந்து சேர்ந்திருப்பார்கள். உறங்கும் இடங்களை ஒரு நடை நடந்து எண்ணி, நோட்டோடு ஒப்பிடுங்கள். அக்கம்பக்கத்தில் உறவினர் வீடுகளில் தங்கியிருக்கும் குடும்பங்களை மறந்துவிட வேண்டாம். முகாமுக்குள் வராதவர்கள் எந்தப் பட்டியலிலும் வரமாட்டார்கள்.

பெற்றோர் இல்லாமல் வந்திருக்கும் குழந்தையைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று யார் முன்வந்தாலும் ஒப்படைக்காதீர்கள். குழந்தைப் பாதுகாப்பு அதிகாரியிடமும் செஞ்சிலுவையிடமும் தெரிவியுங்கள். காணாமல்போன உறவினரைத் தேடித் தொடர்பை ஏற்படுத்தித் தருவது செஞ்சிலுவையின் மிகப் பழைய வேலைகளில் ஒன்று. 1870இல் பிரான்ஸ்-பிரஷ்யா போரின்போதே சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் அதற்கென்று ஓர் அலுவலகம் திறந்திருக்கிறார்கள்.

படி 3: கணக்கு

1994 ஜூலையில் ருவாண்டாவிலிருந்து தப்பி எல்லைக்கு அப்பால் ஜயர் நாட்டின் (இன்றைய காங்கோ) கோமா நகரைச் சுற்றிக் குவிந்த அகதிகளில் கிட்டத்தட்ட 50,000 பேர் முதல் மாதத்திலேயே இறந்துபோனார்கள். அந்த மாதத்தில் பெரும்பாலோரைக் கொன்றது காலராவும் வயிற்றுக்கடுப்பும். உதவி அமைப்புகள் ஏராளமாக அங்கே போயிருந்தன. ஒரு மனிதருக்குக் குறைந்தபட்சம் எவ்வளவு தண்ணீர், எத்தனை பேருக்கு ஒரு கழிப்பறை என்று எல்லோரும் ஒத்துக்கொண்ட அளவுகோல் மட்டும் இல்லை. உதவி அமைப்புகள் சேர்ந்து 1997இல் தொடங்கிய ஸ்பியர் திட்டம் அந்த அளவுகோலைத் தந்தது. கீழே வரும் எண்களில் பெரும்பகுதி அதிலிருந்துதான்.

அதனால் உணவுக்கு முன் தண்ணீர். தலைக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர் என்றால் நம் 1,000 பேருக்கு 15,000 லிட்டர். 250 பேருக்கு ஒரு குழாய், ஆக 4 குழாய். குழாய் தங்குமிடத்திலிருந்து 500 மீட்டருக்குள் இருக்கவேண்டும், அரை மணிக்கு மேல் காத்திருக்கவிடக்கூடாது. குளோரின் கலந்த தண்ணீரில் மிச்சக் குளோரின், அதாவது கிருமியைக் கொன்ற பிறகும் தங்கும் குளோரின், லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் வரை இருக்கவேண்டும். குடும்பத்துக்கு இரண்டு பாத்திரம்: பிடித்து வர ஒன்று, மூடிவைத்துக் குடிக்க ஒன்று. நல்ல தண்ணீரைத் திறந்த வாளியில் வைத்துக் கெடுப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

கழிப்பறை, ஆரம்ப நாட்களில் 50 பேருக்கு ஒன்று, ஆக 20. நிலைமை சற்று நிலைப்பட்டதும் 20 பேருக்கு ஒன்று, ஆக 50. ஆண்களுக்கு ஒன்று என்றால் பெண்களுக்கு மூன்று. உள்தாழ்ப்பாளும் இரவு வெளிச்சமும் கட்டாயம். சோப்பு, குளிக்கத் தலைக்கு மாதம் 250 கிராம், துவைக்க 200 கிராம். மொத்தம் 450 கிலோ. தங்குமிடம், தலைக்கு 3.5 சதுர மீட்டர். 7 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமுமான ஓர் அறையில் 12 பேர், அதற்கு மேல் ஒருவரும் கூடாது.

உணவுக்கு வருவோம். தலைக்கு ஒரு நாளைக்கு 2,100 கிலோ கலோரி என்பது திட்டமிடும் அளவு. பல ஆண்டுகளாக முகாம்களில் புழங்கும் ஒரு படியளவு இது: தானியம் 400 கிராம், பருப்பு 60, எண்ணெய் 25, ஊட்டச்சத்து மாவு 50, சர்க்கரை 15, அயோடின் உப்பு 5. இதை 5 பேர் குடும்பத்துக்கு, 30 நாளுக்குப் பெருக்கிப் பாருங்கள். தானியம் மட்டும் 60 கிலோ, எல்லாம் சேர்த்து 83 கிலோ!

முதல் நாளில் எங்களை ஏமாற்றியது இந்தப் பெருக்கல்தான். கிராமில் பார்த்தபோது சின்னதாகத் தெரிந்தது. 15 நாளுக்கு ஒரு முறை என்று மாற்றினால் தானியம் 30 கிலோ ஆகும். அதையும் இரண்டு 15 கிலோ பைகளாகக் கட்டினால் இரண்டு பேர் ஒரு நடையில் கொண்டுபோவார்கள். 200 குடும்பத்துக்கு மொத்தம் 8.3 டன், பத்து டன் லாரி ஒன்று போதும். மாதத்துக்கு இரு முறை விநியோகம் என்றால் உங்களுக்கு வேலை இரட்டிப்புதான். பரவாயில்லை, சுமப்பது நீங்கள் அல்லவே.

படி 4: எதைக் கொண்டுபோகக்கூடாது

பால்பவுடரும் புட்டியும் வேண்டவே வேண்டாம். சுத்தமில்லாத தண்ணீரில் கரைத்த பால் கைக்குழந்தையைக் கொல்லும். தாய்ப்பால் தர இயலாத குழந்தைக்கு மாற்று தேவைதான், ஆனால் அதை மருத்துவப் பணியாளர் ஒவ்வொரு குழந்தையாகப் பார்த்துத் தருவார். மூட்டையில் போட்டு எல்லோருக்கும் தரும் பொருள் இல்லை அது.

வீட்டில் மிஞ்சிய மாத்திரைகளையும் விட்டுவிடுங்கள். 1992 முதல் 1996 வரை போஸ்னியாவுக்குப் போய்ச் சேர்ந்த நன்கொடை மருந்துகளில் பாதிக்கும் மேல் பயனற்றவை: காலாவதியானவை, பெயர்ச்சீட்டு புரியாதவை, அங்கே தேவையே இல்லாதவை. சுமார் 17,000 டன் மருந்தை எப்படி ஒழித்துக்கட்டுவது என்பது போரால் நொந்த அந்த நாட்டுக்கு இன்னொரு தலைவலி ஆனது. பழைய துணிக்கும் கதை இதுவேதான். தரம் பிரிக்க ஆள், வைக்க இடம், ஏற்ற லாரி என்று துணி தின்னும் செலவில் புதுப் போர்வையே வாங்கலாம்.

பக்கத்தில் சந்தை நடக்கிறதா? கடைகளில் சரக்கு இருக்கிறதா? அப்படியானால் பொருளுக்குப் பதில் பணமாகவே கொடுப்பதைப் பற்றி யோசியுங்கள். எங்கள் குழுவில் இதற்கு முதலில் பெரிய எதிர்ப்பு. "வீணடித்துவிடுவார்கள்" என்றார்கள். ஒரு தாய்க்கு இப்போது வேண்டியது மருந்தா, செருப்பா, மண்ணெண்ணெயா என்று அவருக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. அவ்வளவுதான் வாதம். சந்தை செத்துக் கிடக்கும் இடத்தில் மட்டும் பணம் காகிதம்தான்; அங்கே மூட்டைதான் வழி.

படி 5: திடலும் வரிசையும்

முந்தின நாளே கயிறு கட்டுங்கள். உள்ளே வர ஒரு வழி, வெளியே போக எதிர்ப்பக்கம் இன்னொரு வழி. நிழல், குடிதண்ணீர், கழிப்பறை. 200 குடும்பத்தையும் காலை எட்டு மணிக்கு வரச்சொன்னால் திடல் கூட்டமாகும், கூட்டம் நெரிசலாகும். டோக்கனில் நேரத்தை எழுதிவிடுங்கள்: அரை மணிக்கு 25 குடும்பம், நாலு மணி நேரத்தில் முடியும். கர்ப்பிணி, முதியவர், மாற்றுத்திறனாளிகளுக்குத் தனி வரிசை. லாரியின் மேலிருந்து எறிவது எப்போதும் கூடாது. எறிந்தால் வலுத்தவன் மட்டும் வாங்கிப்போவான்.

நுழைவாயிலில் பெரிய எழுத்தில் ஒரு பலகை: குடும்பத்துக்கு என்னென்ன, எத்தனை கிலோ, "முழுக்க இலவசம்". படிக்கத் தெரியாதவர்களுக்காக அதன் கீழே ஒரு மேசையில் ஒரு குடும்பத்துக்கான பங்கை அப்படியே அடுக்கிவையுங்கள். இதற்குக் காரணம் உண்டு. நிவாரணத்துக்குக் கைமாறாகப் பணமோ வேலையோ உடலோ கேட்கும் கயவர்கள் உதவிக் குழுக்களுக்குள்ளும் இருந்திருக்கிறார்கள். உதவிக்குக் கைமாறாக உடலைக் கேட்பதைத் திட்டவட்டமாகத் தடைசெய்து ஐ.நா. பொதுச்செயலாளர் 2003இல் விதியே வெளியிட வேண்டியிருந்தது. எது தன் பங்கு என்று தெரிந்தவரை மிரட்டுவது கடினம். பொருள் கொடுக்கும் உங்கள் ஆட்களில் பாதிப் பேராவது பெண்களாக இருக்கட்டும். புகார்களைக் கேட்க, விநியோகத்தில் சம்பந்தப்படாத ஒருவர் தனியாக உட்காரட்டும்.

மூட்டையைப் பிரித்துக்கொடுக்க வேண்டி வந்தால் ஒரே ஒரு டப்பாவை அளவையாக வையுங்கள். குவித்து அளப்பதா, தலை தட்டி அளப்பதா என்பதை எல்லோர் முன்னிலையிலும் முதலிலேயே முடிவுசெய்யுங்கள். கைக்குக் கை குவியலின் உயரம் மாறும், ஐம்பதாவது குடும்பத்தில் சண்டை வரும். வெளியேறும் வழியில் ஒரு கொக்கித் தராசைத் தொங்கவிட்டு, இருபதாவதாக வரும் ஒவ்வொரு பையையும் நிறுத்துப் பாருங்கள்.

துப்பாக்கிச் சத்தம் கேட்டாலோ கூட்டம் கயிற்றை மீறினாலோ நிறுத்தச் சொல்லும் அதிகாரம் யாருக்கு என்பதைக் காலையிலேயே தீர்மானியுங்கள். அந்த ஒருவர் சொன்னால் சொன்னதுதான்.

வரிசையில் யாராவது உடைந்து அழுதால் நடந்ததைத் தோண்டிக் கேட்காதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள், சொன்னால் கேளுங்கள், அவருக்கு வேண்டிய உதவி எங்கே கிடைக்கும் என்று காட்டுங்கள்.

படி 6: பத்து நாள் கழித்து

லாரி போனதோடு வேலை முடிந்ததென்று பலர் கிளம்பிவிடுகிறார்கள். ஒரு வாரமோ பத்து நாளோ கழித்து, பட்டியலில் கண்ணை மூடிக்கொண்டு தொட்ட 20 குடும்பங்களைப் போய்ப் பாருங்கள். எவ்வளவு கிடைத்தது? யாருக்காவது ஏதாவது கொடுக்கவேண்டி வந்ததா? என்ன மிச்சமிருக்கிறது? எதையாவது விற்றீர்களா?

கடைசிக் கேள்வியைக் குற்றம் சாட்டும் குரலில் கேட்காதீர்கள். நிவாரணப் பொருளை விற்றவரைத் திட்டும் தன்னார்வலர்களைப் பார்த்திருக்கிறேன், நானே திட்டியுமிருக்கிறேன். ஒரு முறை பத்துக் குடும்பத்துக்கு மேல் தானியத்தில் ஒரு பங்கை விற்றிருந்தார்கள். விசாரித்தால், நாங்கள் கொடுத்தது முழுத் தானியம். அரைக்கக் கூலி வேண்டும், வேகவைக்க விறகு வேண்டும், இரண்டுமே நாங்கள் தரவில்லை. அடுத்த சுற்றில் தானியத்துக்குப் பதில் மாவு வாங்கினோம், விறகு குறைவாகப் பிடிக்கும் அடுப்பு ஒன்றும் சேர்த்தோம். விற்பனை அநேகமாக நின்றது.

இந்தக் குடும்பங்களைப் பார்க்கப் போகும்போதே ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரையான குழந்தைகளின் மேல்கைச் சுற்றளவை நாடாவால் அளக்கச் சுகாதாரப் பணியாளர் ஒருவரைக் கூட்டிப்போங்கள். 115 மில்லிமீட்டருக்குக் கீழ் என்றால் கடுமையான ஊட்டக்குறைவு. அந்தக் குழந்தைக்கு உங்கள் மூட்டை போதாது, அன்றைக்கே சிகிச்சைக்கு அனுப்பவேண்டும்.

திரும்பி வந்ததும் நோட்டைத் திறந்து, புதிதாக வந்தவர்கள், கிளம்பிப் போனவர்கள், இடையில் பிறந்த குழந்தைகள் என்று திருத்துங்கள். அடுத்த லாரிக்குச் சரக்கு எழுதும்போது பத்துக் குடும்பத்துக்கான பங்கைக் கூடுதலாகவே எழுதுங்கள். விநியோக நாளன்று காலையில் பட்டியலில் இல்லாத யாராவது மூட்டைமுடிச்சோடு வந்து நிற்பார்கள்.