வண்டிக் கழிவில் காசு பார்க்க நினைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய பேட்டரி, கழிவு ஆயில், உடைந்த அலாய் சக்கரம் என்று ஒர்க்‌ஷாப்பின் பின்பக்கம் சேருவதெல்லாம் வெறும் குப்பை இல்லை என்பது புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கும் இப்போது தெரிந்திருக்கிறது. நல்லது. ஆனால் அதைக் காசாக்கும்போது, எங்கள் தலைமுறை இடறிய அதே பள்ளங்களில் அவர்களும் வரிசையாக விழுகிறார்கள். கையுறை போடுங்கள், தரையில் சிந்தாதீர்கள் என்பதெல்லாம் சொல்லாமலே தெரியும், விட்டுவிடுகிறேன். லாபத்தைத் தின்பவை வேறு.

எல்லாவற்றையும் ஒரே பீப்பாயில் ஊற்றுவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது. கழிவு ஆயில் பீப்பாய் திறந்து கிடக்கும். கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்), பழைய பெட்ரோல், பாகம் கழுவிய திரவம் எல்லாம் அதற்குள் போகும். கேட்டால், "எல்லாம் கழிவுதானே அண்ணே?" என்பார்கள்.

இல்லை. இன்ஜினில் ஓடிய ஆயிலில் அழுக்கும் தண்ணீரும் தேய்ந்த உலோகத் துகளும் சேர்ந்திருக்கும், அதில் கலந்திருந்த ரசாயனங்கள் வலுவிழந்திருக்கும். அடிப்படை எண்ணெய் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். மறுசுத்திகரிப்பு ஆலையில் தண்ணீரை நீக்கி, வெற்றிடத்தில் காய்ச்சி வடித்துச் சுத்தப்படுத்தினால் அதிலிருந்து மறுபடி இன்ஜின் ஆயில் செய்யலாம். ஏறத்தாழ 159 லிட்டர் கச்சா எண்ணெயிலிருந்து எடுக்கும் அளவு இன்ஜின் ஆயிலை, 4 லிட்டருக்கும் குறைவான கழிவு ஆயிலிலிருந்தே எடுத்துவிடலாம். ஆலைக்காரர் காசு கொடுத்து வாங்குவது இதற்காகத்தான்.

பிரேக் பாகங்களைக் கழுவும் பிரேக் கிளீனரில் குளோரின் உள்ள வகை கலந்தால் கதை மாறிவிடும். சூடாக்கும்போது குளோரின் அமிலமாகி ஆலையின் குழாய்களை அரிக்கும். அமெரிக்க விதிப்படி, ஆயிலில் குளோரின் போன்ற ஹாலஜன்கள் பத்து லட்சத்தில் 1000 பங்கைத் தாண்டினால், அபாயக் கழிவு கலந்ததாகவே முதலில் கருதுவார்கள். 200 லிட்டர் பீப்பாய்க்கு அது சுமார் 175 கிராம்தான். அந்த வகைக் கிளீனர் ஒரு கேன் போதும், மொத்தப் பீப்பாயும் போச்சு.

எனக்குத் தெரிந்த ஓர் இளைஞர் மாதக்கணக்கில் சேர்த்ததை ஏற்றி அனுப்பினார். வாங்கும் இடத்தில் மாதிரி எடுத்துச் சோதித்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வரவேண்டிய பணம் வரவில்லை என்பதோடு முடியவில்லை. அபாயக் கழிவாக அப்புறப்படுத்த அவரே கையிலிருந்து கட்ட வேண்டியதாயிற்று. யார் ஊற்றியது என்று கடைசிவரை தெரியவில்லை. தெரிந்தும் என்ன ஆகப்போகிறது?

ஆயில் பீப்பாய்க்குப் பூட்டுப் போடுங்கள். கூலன்ட்டுக்குத் தனிப் பாத்திரம், கிளீனருக்குத் தனி. அதைவிடச் சுலபம், குளோரின் இல்லாத கிளீனரையே வாங்குவது. சந்தேகம் இருந்தால் சூடான தகட்டில் ஒரு சொட்டு விடுங்கள். படபடவென்று வெடித்தால் தண்ணீர் இருக்கிறது. செம்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, ஆயிலில் தொட்டு மறுபடி தீயில் காட்டும்போது சுடர் பச்சையானால், குளோரின் இருக்கலாம். ஆய்வகத்தில் பார்த்துவிட்டு அனுப்புங்கள். இந்தத் தீ வேலையைப் பீப்பாயிலிருந்து விலகி, திறந்த வெளியில் செய்யுங்கள். அந்தப் புகை நல்லதல்ல. அப்புறம், பீப்பாயை மழையில் வைக்காதீர்கள்.

கன்வெர்ட்டரை எடைபோட்டு விற்பது

வண்டிப் புகையின் நச்சைக் குறைக்கப் புகைக்குழாயில் மாட்டியிருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரின் மதிப்பு அதன் இரும்பில் இல்லை. உள்ளே தேன்கூடு போன்ற பீங்கானில் பூசிய பிளாட்டினம், பல்லேடியம், ரோடியத்தில் இருக்கிறது. வண்டியோடு வந்த கன்வெர்ட்டருக்கும் பிறகு வாங்கி மாட்டியதற்கும் மதிப்பில் பெரிய வித்தியாசம் உண்டு. மேலே பொறித்த எண்ணைக் குறித்துக்கொண்டு விலை கேளுங்கள். நீங்களே வெட்டித் திறந்தால் பொடி கொட்டிவிடும், கொட்டுவது உங்கள் காசு. விலை ஏறட்டும் என்று பதுக்கவும் வேண்டாம். 2021-இல் உச்சிக்குப் போன ரோடியம், 2023-க்குள் அதில் கால் பங்குக்கும் கீழே விழுந்தது.

அலுமினியத்தில் இரும்பை விட்டுவைப்பது

பழைய அலுமினியத்தை உருக்க, தாதுவிலிருந்து புதிதாக எடுக்க ஆகும் ஆற்றலில் 5 சதவீதம் அளவே போதும். அதனால்தான் நல்ல விலை. இரும்பு போல்ட்டும் புஷ்ஷும் (உள்ளே செருகிய உருளை வளையம்) ஒட்டிக்கொண்டிருந்தால் கலப்பு உலோக விலைக்குத்தான் போகும். இரும்பைக் கண்டுபிடித்துக் கழற்ற ஒரு காந்தமும் ஸ்பேனரும் போதும்.

ஒயரை எரித்துச் செம்பு எடுப்பது

புகையில் டையாக்சின் நஞ்சு. எரிந்த செம்புக்கு விலையும் குறைவு. இன்னும் எதற்குச் செய்கிறார்கள்?

பேட்டரி ஆசிட்டைக் கொட்டிவிட்டு விற்பது

கொட்டாதீர்கள். நிமிர்த்தி வைத்து முழுசாக அனுப்புங்கள். லித்தியம் பேட்டரியை அதோடு சேர்க்கவே கூடாது.

வெடிக்காத ஏர்பேக்

பயிற்சி இல்லையென்றால் தொடாதீர்கள்.

ரசீது வாங்காமல் கொடுப்பது

வீடு தேடி வந்து, கேள்வி கேட்காமல் ரொக்கம் நீட்டுகிறவர் உங்கள் ஆயிலை எங்கே கொண்டுபோகிறார் என்று கேட்டுப் பாருங்கள். ஓடையில் கொட்டிவிட்டால், பல நாடுகளின் சட்டத்தில் கழிவை உண்டாக்கியவரும் பதில் சொல்ல வேண்டும். உரிமம் உள்ளவரிடம் மட்டும் கொடுத்து, தேதியும் அளவும் எழுதிய ரசீதை வாங்கிக் கோப்பில் வையுங்கள்.