பழைய வைஸும் அரமும் வாங்கும்போது

வீட்டுப் பின்கட்டில் சின்னதாக இரும்பு வேலை செய்ய ஆசைப்படுகிறவர்கள், புது மலிவு வைஸில் (வேலைப் பொருளை இரண்டு தாடைகளுக்கு நடுவே இறுக்கிப் பிடிக்கும் கருவி) பணத்தைப் போடும் முன் பினாங்கு லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தையைக் காலையில் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். கனமான பழைய வைஸ் சிக்கினால் யோகம்தான். மேல்துருவுக்குப் பயப்பட வேண்டாம். தாடைகளை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள், இடைவெளி சீராக இருக்க வேண்டும். அப்புறம் பாதி திறந்து, நகரும் பக்கத்தை ஆட்டிப் பாருங்கள், கொஞ்சம் ஆடினால் பரவாயில்லை. வார்ப்பில் விரிசலோ, பித்தளை நிறத்தில் ஒட்டுப்போட்ட தடமோ தெரிந்தால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். வாங்கியதும் இரண்டு துண்டு அலுமினிய ஆங்கிளை (L வடிவப் பட்டை) தாடைமேல் மாட்டிவிடுங்கள், பித்தளை வேலையில் பல் தடம் விழாது.

அரத்துக்கு வேறு சோதனை. பல் நுனிகள் வெளிச்சத்தில் பளபளத்தால் மழுங்கிவிட்டது என்று அர்த்தம். வெறும் துருதான் என்றால் கம்பி பிரஷால் தேய்த்து, வெள்ளை வினிகரில் ஓர் இரவு ஊறவிட்டு, சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசி, உடனே துடைத்து எண்ணெய் பூசுங்கள், நம்ம ஊர் ஈரக்காற்றில் தாமதித்தால் கண்ணெதிரே திரும்பத் துரு ஏறும். வினிகர் அரிப்பில் பல்லும் கொஞ்சம் கூராகும். வேலைக்கு எடுக்கும்போது எண்ணெயைத் துடைத்துவிட்டுச் சாக்பீஸ் தேய்த்தால் அலுமினியத் தூள் பல்லிடுக்கில் அவ்வளவாக அடைக்காது. மரப்பிடி போடாமல் அரத்தைத் தொடாதீர்கள், வால்முனை உள்ளங்கையில் ஏறிவிடும்.