சந்தேகம் வந்த இடத்தில் ஒரு சின்ன வட்டம்

நகரியிலிருந்து காளஹஸ்திக்குப் பஸ் ஏறிப் போய், துணியில் கையால் படம் வரைந்து சாயமேற்றும் கலம்காரி கற்றுக்கொண்ட புதிதில், துணியை விரித்தாலே எனக்குக் கை நடுங்கும், இந்தக் கோடு சரியா, ஆரம்பித்ததே தப்போ என்று பாதியிலேயே எழுந்துவிடுவேன். இப்போது செய்வது இதுதான். முதலில் புளியங்குச்சிக் கரியால் வரைகிறேன், தட்டினால் உதிர்ந்துவிடும், அதனால் பயமில்லை. சந்தேகம் வந்த இடத்தை அழிக்காமல் சின்னதாக ஒரு வட்டம் போட்டுவிட்டு அடுத்த மூலைக்குப் போய்விடுவேன். மறுநாள் காலை வெளிச்சத்தில் வட்டங்களை மட்டும் பார்த்தால், பாதிக்கு மேல் இருக்கட்டும் என்றே தோன்றும்.

சிவப்பு வரவேண்டிய இடத்தில் நாம் பூசுவது வெறும் படிகாரத் தண்ணீர்தான், பூசும்போது கண்ணுக்கு ஒன்றும் பெரிதாகத் தெரியாது, சாயத்தில் போட்டுக் காய்ச்சிய பிறகுதான் நிறம் ஏறும். அதுவரை தெரியாமலேதான் கை ஓட வேண்டும், கைதேர்ந்தவர்களுக்கும் அப்படித்தான்.

கதை எழுதுகிறவர்களும் இதையே செய்யலாம், சந்தேகம் வந்த வரிக்கு அடியில் பென்சில் கோடு போட்டுவிட்டு மேலே எழுதுங்கள், மறுநாள்வரை திரும்பிப் பார்க்க வேண்டாம். அப்புறம், துணியில் வரைகிறவர்கள் வெல்லமும் இரும்பும் ஊறிய கருப்புச் சாயத்தைத் தொடுவதற்கு முன்பே வட்டங்களைத் தீர்த்துவிடுங்கள், அது பிடித்துக்கொண்டால் போகாது.